விலை மதிக்கத் தெரிந்த பெண்



எங்கள் ஊர் மாதர் சங்கத்தில் ஒவ்வொரு மாதமும் முதலாவது சனிக்கிழமை கணக்குப் பார்க்கும் நாள். சந்தாப் பணம், சிறுகடன் தவணை, கோழிக்குஞ்சு வாங்க எடுத்த காசு எல்லாம் அன்றைக்குத்தான் கொப்பியில் ஏறும். அந்தக் கொப்பியைப் பதினொரு வருடங்களாக எழுதி வருபவர் ஒரு தங்கை. தன் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஆகவே இந்தப் பக்கத்தில் அவரைக் கணக்குத் தங்கை என்றே அழைக்கிறேன். வயது 46. கணவரை 2009இல் இழந்தவர். ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. ஆனால் அங்கத்தவர்கள் ஒவ்வொருவரின் வரவும் செலவும் அவருக்கு மனப்பாடம். "ஆடி மாதம் நீங்கள் ஐந்நூறு குறையக் கட்டினீங்கள் அக்கா" என்று அவர் சொன்னால், பற்றுச்சீட்டைத் தேடவேண்டிய தேவை எங்களுக்கு இருப்பதில்லை.

சென்ற கூட்டத்தில் அவருக்கு ஒரு விண்ணப்பப் படிவம் வந்தது. எங்கள் பகுதி மத்தியஸ்த சபைக்குப் பெண்களையும் சேர்க்க வேண்டும், உங்கள் சங்கத்திலிருந்து ஒருவரைச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார்கள். சங்கத்தில் இருந்த எல்லோரும் ஒருமித்து அவரைத்தான் பார்த்தோம். அவரோ படிவத்தைத் தொடவே பயந்தார்.

"நான் என்ன படிச்சனான் அக்கா? கோடு கச்சேரி விசயம் எனக்கென்ன தெரியும்? நாப்பத்தாறு வயதில உதெல்லாம் சரிவராது. ஆரும் படிச்ச ஆம்பிளையளைக் கேளுங்கோ" என்றார்.

பக்கத்தில் அவருடைய மகள் இருந்தாள். ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் பிள்ளை. அவள் என்னிடம் வேறொரு கேள்வி கேட்டாள். "அன்ரி, போன வருசம் அமெரிக்கா எங்கட உடுப்புக்கு வரி கூட்டப்போகுது எண்டு சொல்லி நாங்கள் எல்லாரும் பயந்தது ஞாபகமோ? அந்த நாட்டில உதைத் தட்டிக் கேட்க ஒருத்தரும் இல்லையோ?"

தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். தேடப் போன இடத்தில் மகளின் கேள்விக்கு மட்டுமல்ல, தாயின் கேள்விக்கும் சேர்த்து ஒரு பதில் கிடைத்தது. இந்த மாதப் பக்கம் அதைப் பற்றியது.

முதலில் மகளின் கேள்வி. 2025 ஏப்ரல் 2ஆம் திகதி அமெரிக்க ஜனாதிபதி டொனால்ட் ட்றம்ப் பல நாடுகளின் பொருட்களுக்கு மேலதிக வரியை அறிவித்தார். இலங்கைக்கு அறிவிக்கப்பட்டது நூற்றுக்கு 44 வீதம். பின்னர் அது குறைந்து, 2025 ஓகஸ்ட்டில் 20 வீதமாக நடைமுறைக்கு வந்தது. எங்கள் நாட்டு ஆடைகளை அதிகமாக வாங்குகின்ற நாடு அமெரிக்கா. ஆகவே அங்கே ஒரு கையெழுத்து விழுந்தால் இங்கே தையல் இயந்திரத்தின் முன் இருக்கின்ற பிள்ளைக்கு நித்திரை வராது.

அதைத் தட்டிக் கேட்க ஓர் இடம் இருக்கிறது. நியூயோர்க் நகரில் சர்வதேச வர்த்தக நீதிமன்றம் என்று ஒன்று உள்ளது. அமெரிக்கா ஒரு சமஷ்டி நாடு. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி நீதிமன்றங்கள் உண்டு. ஆனால் வெளிநாட்டிலிருந்து வரும் பொருட்களுக்கான தீர்வை, இறக்குமதி தொடர்பான பிணக்குகள் எல்லாம் முழு நாட்டுக்கும் பொதுவான இந்தச் சமஷ்டி நீதிமன்றத்துக்கே போகும். அதற்கு ஒன்பது நீதிபதிகள். ஐந்து பேருக்கு மேல் ஒரே கட்சியைச் சேர்ந்தவர்களாக இருக்கக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

தீர்வைக்கு எதற்காக ஒரு தனி நீதிமன்றம் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு பொருள் துறைமுகத்துக்கு வந்தவுடன் இரண்டு கேள்விகள் எழும். இது என்ன பொருள்? இதன் பெறுமதி எவ்வளவு? இந்த இரண்டுக்கும் விடை தெரிந்தால்தான் தீர்வையைக் கணக்கிடலாம். கேட்பதற்கு இலேசான கேள்விகள். விடைதான் இலேசில்லை.

ஒரு பழைய வழக்கைச் சொல்கிறேன். தக்காளி பழமா, மரக்கறியா? 1883ஆம் ஆண்டின் அமெரிக்கத் தீர்வைச் சட்டத்தின்படி மரக்கறிக்கு நூற்றுக்கு 10 வீதம் வரி. பழத்துக்கு வரி இல்லை. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து தக்காளி இறக்கிய வியாபாரி, "இது பழம், வரியாக எடுத்த காசைத் திருப்பித் தாருங்கள்" என்று 1887இல் வழக்கு வைத்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1893இல் தீர்ப்பு வந்தது. தாவரவியல் படித்தவர்களுக்கு அது பழமாக இருக்கலாம், ஆனால் சந்தையிலும் சாப்பாட்டு மேசையிலும் அது மரக்கறிதான் என்றார்கள் நீதிபதிகள். பாருங்கள் சகோதரிகளே, எங்கள் அடுப்படியில் எந்தப் பெண்ணைக் கேட்டிருந்தாலும் ஆறு வருடம் எடுக்காமல் சொல்லியிருப்பாள்.

இன்னொன்று அண்மைக் காலத்தது. படக்கதைகளில் வரும் எக்ஸ்மென் வீரர்களின் சிறிய உருவங்களை ஒரு கம்பனி இறக்குமதி செய்தது. மனித உருவப் பாவை என்றால் 12 வீதத் தீர்வை, வேறு விளையாட்டுப் பொருள் என்றால் 6.8 வீதம். அந்த வீரர்கள் மனிதரா, மனிதரல்லாத பிறவிகளா என்பதே வழக்கு. யூடித் பார்சிலாய் என்ற பெண் நீதிபதி அந்த உருவங்களை ஆராய்ந்து, அவை மனித உருவங்கள் அல்ல, விளையாட்டுப் பொருட்களே என்று 2003இல் தீர்ப்பளித்தார். சிரிப்பாக இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு வீதத்துக்கும் பின்னால் பெருந்தொகைப் பணம் இருக்கிறது. உங்கள் பிள்ளைகள் தைக்கும் ரீசேட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் வழமையான தீர்வைப் பட்டியலில் பருத்தி ரீசேட்டுக்கு 16.5 வீதம். செயற்கை நூல் ரீசேட்டுக்கு 32 வீதம். நூல் மாறினால் வரி ஏறக்குறைய இரட்டிப்பாகும். எந்த நூல், எந்த வகை, என்ன பெறுமதி என்று சரியாகப் பார்க்கத் தெரிந்த கண் அங்கே வேண்டும்.

இனித் தாயின் கேள்வி. அப்படிப் பார்க்கத் தெரிந்த கண்ணுடன் அந்த நீதிமன்றத்துக்குப் போன முதலாவது பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் ஜெனிவீவ் றோஸ் கிளைன். அமெரிக்காவின் சமஷ்டி நீதிமன்றம் ஒன்றுக்கு நீதிபதியாக நியமிக்கப்பட்ட முதலாவது பெண்ணும் இவர்தான்.

கிளைன் 1877இல் ஒஹையோ மாநிலத்தில் வொறன் என்ற ஊரில் பிறந்தவர். இளம் வயதில் அவர் சட்டத்தரணி ஆகவில்லை. அவருடைய சகோதரன்தான் சட்டத்தரணி. கிளீவ்லாண்ட் நகரில் அந்தச் சகோதரனின் அலுவலகத்தில் இவர் எழுதுவினைஞராக வேலை செய்தார். அந்த வேலை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கோவையை எடுத்து வைப்பது, கடிதம் எழுதுவது, வருபவர்களை இருத்திக் கதை கேட்பது. வழக்கில் வெற்றி வந்தால் பெயர் சட்டத்தரணிக்கு. கோவையைத் தேடி எடுத்துக் கொடுத்தவளை யார் கேட்பார்கள்?

ஆனால் அந்த வேலையோடு அவர் இன்னொரு வேலையும் செய்தார். அந்த நகரத்தின் பெண்கள் சங்கங்களில் சேர்ந்தார். பல சங்கங்கள் ஒன்றுகூடிய கிளீவ்லாண்ட் சம்மேளனத்துக்குத் தலைவியாக இருந்தார். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும், கடையில் பொருள் வாங்கும் மக்களைக் காக்கும் சட்டங்கள் வேண்டும் என்று பாடுபட்டார். நிறுவையில் குறையில்லாமல், தரத்தில் ஏமாற்றமில்லாமல் ஒரு வீட்டுக்குச் சாமான் வந்து சேரவேண்டும் என்பது குடும்பப் பெண்ணின் அன்றாடக் கவலை. அந்தக் கவலையை அவர் சட்டம் செய்யும் இடம்வரை கொண்டுபோனார்.

அமெரிக்கப் பெண்களுக்கு நாடு முழுவதும் வாக்குரிமை 1920இல் கிடைத்தது. அடுத்த வருடம், 1921இல், கிளைன் ஒஹையோவிலுள்ள போல்ட்வின் வொலஸ் கல்லூரியில் சட்டப் பட்டம் பெற்றார். கணக்குப் பார்த்தால் அப்போது அவருக்கு வயது 44 அளவில். எங்கள் ஊரில் அந்த வயதில் ஒரு பெண் கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனால் வேலியோரம் நின்று என்ன கதைப்பார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. அந்த ஊரிலும் மனிதர்கள்தானே இருந்திருப்பார்கள்.

1922இல் ஜனாதிபதி வொறன் ஹார்டிங் அவரைக் கிளீவ்லாண்ட் துறைமுகத்தின் பொருள் மதிப்பீட்டாளராக நியமித்தார். ஒரு பெரிய துறைமுகத்தில் அந்தப் பதவிக்கு வந்த முதற்பெண் அவர். மதிப்பீட்டாளரின் வேலை என்ன? வந்திறங்கும் பொருட்களைப் பார்த்து, பட்டியலில் வியாபாரி எழுதியிருக்கும் விலை சரியா, குறைத்து எழுதியிருக்கிறாரா, பொருள் அவர் சொன்ன பொருள்தானா என்று தீர்மானிப்பது. துணியானால் என்ன துணி, கண்ணாடியானால் என்ன கண்ணாடி. வியாபாரிக்கும் அநியாயம் வரக்கூடாது, அரசாங்கத்துக்கும் நட்டம் வரக்கூடாது. ஆறு வருடங்கள் அவர் இந்த வேலையைச் செய்தார்.

தீர்வைப் பிணக்குகளுக்காக 1890இல் ஒரு மதிப்பீட்டாளர் சபையை அமெரிக்கா அமைத்திருந்தது. 1926இல் அந்தச் சபை சுங்க நீதிமன்றம் என்று பெயர் மாறியது. 1928 மே மாதத்தில் ஜனாதிபதி கல்வின் கூலிட்ஜ் அந்த நீதிமன்றத்தின் நீதிபதிப் பதவிக்குக் கிளைனின் பெயரை முன்வைத்தார். அங்கே ஜனாதிபதி பெயர் சொன்னால் மட்டும் போதாது. செனட் சபை சம்மதிக்க வேண்டும். அங்கேதான் முட்டுக்கட்டை வந்தது.

சில செனட்டர்கள் எதிர்த்தார்கள். அவர்கள் சொன்ன காரணங்களைக் கேளுங்கள். ஒன்று, அவர் பெண். இரண்டு, தன் முயற்சியால் வந்த சட்டத்தரணி. மூன்று, நீதிபதியாக இருந்த அனுபவம் இல்லை. இந்த மூன்றாவது காரணத்தை வாசித்தபோது எனக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அதுவரை ஒரு பெண்ணையும் சமஷ்டி நீதிமன்றத்துக்குள் விடவில்லை. விடாமல் வைத்துக்கொண்டு, அனுபவம் எங்கே என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்வியை நாங்களும் கேட்டிருக்கிறோம் அல்லவா? வேலை கேட்டுப் போன இடத்தில், கடன் கேட்டுப் போன இடத்தில், காணி உறுதி விடயமாகப் போன இடத்தில்.

ஆனால் இரண்டு விடயங்கள் அவருக்குத் துணையாக நின்றன. முதலாவது, அவர் செய்த வேலை. தீர்வைப் பிணக்குக்கு அடிப்படையே பொருளின் வகையும் பெறுமதியும் என்று முன்னே சொன்னேன். அதை ஆறு வருடம் நேரில் செய்தவருக்கு அனுபவம் இல்லை என்று சொல்வது எப்படி? இரண்டாவது, சங்கங்கள். அவர் பல வருடங்களாக உழைத்த பெண்கள் சங்கங்களும் பெண் சட்டத்தரணிகளின் சங்கமும் அவருக்காகக் குரல் கொடுத்தன. தனி ஆளாக அவர் வாசலில் நிற்கவில்லை. 1928 மே 25ஆம் திகதி செனட் சபை அவருடைய நியமனத்தை ஏற்றுக்கொண்டது.

அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். நீதிமன்றம் இருந்த நியூயோர்க் மாநிலத்தில் பெண்கள் அன்றைக்கு யூரிமாராக இருக்கக்கூட முடியாது. அந்த உரிமை 1937இல்தான் கிடைத்தது. எங்கள் நாட்டில் அப்போது பெண்களுக்கு வாக்கே இல்லை. 1931இல்தான் 21 வயதான ஆண்களோடு பெண்களுக்கும் வாக்குரிமை வந்தது. அப்படிப்பட்ட காலத்தில் ஐம்பது வயது கடந்த ஒரு பெண் நீதிபதி ஆசனத்தில் அமர்ந்தார்.

1930இல் அமெரிக்காவில் ஸ்மூட் ஹோலி சட்டம் என்ற பெயரில் ஒரு புதிய தீர்வைச் சட்டம் வந்தது. பல பொருட்களின் தீர்வை ஏறியது. உலகப் பொருளாதார மந்தத்தில் வியாபாரிகள் ஏற்கெனவே நொந்துபோயிருந்த நேரம். தீர்வை ஏறினால் பிணக்கும் ஏறும். இந்தக் காலம் முழுவதும், அதற்குப் பிறகு இரண்டாம் உலகப் போர்க் காலம் முழுவதும், அவர் அந்த வேலையில் இருந்தார். 1953இல் ஓய்வு பெற்றபோது அவருக்கு வயது 75. ஏறக்குறைய 25 வருடங்கள். அந்த ஆசனத்தில் அவர் அலங்காரத்துக்கு இருத்தப்பட்டவர் அல்லர் என்பதற்கு இந்தக் கணக்கே போதும். 1959இல் அவர் காலமானார்.

இப்போது கொஞ்சம் மனவருத்தமான ஒரு செய்தி. அமெரிக்காவின் முதலாவது பெண் சமஷ்டி நீதிபதி யார் என்று கேட்டால் சிலர் புளோரன்ஸ் அலன் என்பார்கள். அவரும் ஒஹையோவைச் சேர்ந்தவர்தான். மிகப் பெரிய நீதிபதி. 1934இல் சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு நியமிக்கப்பட்டார். அவருடைய பெருமையை நான் குறைக்கவில்லை. ஆனால் கிளைன் அவருக்கு ஆறு வருடம் முந்தியவர். பிறகு ஏன் இந்தக் குழப்பம்? அமெரிக்க அரசியலமைப்பின் மூன்றாம் உறுப்புரையின் கீழ் அமைந்த நீதிமன்றங்களுக்கு உயர்ந்த அந்தஸ்து உண்டு. சுங்க நீதிமன்றத்தை அந்த வரிசையில் சேர்த்தது 1956இல் வந்த ஒரு சட்டம். கிளைன் ஓய்வு பெற்று மூன்று வருடத்துக்குப் பிறகு! அவர் 25 வருடம் உழைத்தபோது அந்த இடத்துக்கு அந்த அந்தஸ்து இல்லை. அவர் எழும்பிப் போன பிறகு வந்தது.

இதை வாசித்தபோது எங்கள் பெண்கள்தான் என் கண்முன்னே வந்தார்கள். இடம்பெயர்ந்த காலத்தில் முகாமில் சமைத்தவர்கள், பிள்ளைகளுக்கு மரத்தடியில் எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர்கள், காயப்பட்டவர்களைத் தூக்கியவர்கள். அந்த வேலைக்கு அப்போது ஒரு பெயரும் இருக்கவில்லை, சம்பளமும் இருக்கவில்லை. பெயரும் சம்பளமும் வந்தபோது வேறு ஆட்கள் கதிரையில் இருந்தார்கள். அங்கீகாரம் பிந்தி வரலாம், வராமலும் போகலாம். ஆனால் வேலை வேலைதான். கிளைன் எழுதிய தீர்ப்புக்களை யாரும் அழித்துவிடவில்லை.

அவர் திறந்த வழியில் மற்றவர்கள் வந்தார்கள். 1955இல் மேரி டொன்லன் அதே சுங்க நீதிமன்றத்துக்கு நீதிபதியானார். 1980இல் ஒரு சட்டத்தின் மூலம் அந்த நீதிமன்றம் சர்வதேச வர்த்தக நீதிமன்றமாகியது. 1983இல் ஜேன் றெஸ்ரனி என்ற பெண் அங்கே நீதிபதியாக நியமிக்கப்பட்டார். 2003 முதல் 2010 வரை அதன் பிரதம நீதிபதியாகவும் இருந்தார்.

கணக்குத் தங்கையின் மகளுக்கு நான் சொல்லவேண்டிய பதில் இங்கேதான் இருக்கிறது. 2025இல் அந்தப் பெரிய வரி வந்தபோது, ஐந்து சிறிய வியாபார நிறுவனங்கள் இந்த நீதிமன்றத்தில் வழக்கு வைத்தன. வைன் இறக்குமதி செய்பவர் ஒருவர், பெண்களுக்கான துவிச்சக்கர வண்டி உடுப்பு விற்பவர்கள் என்று எல்லோரும் சாதாரண வியாபாரிகள். மூன்று நீதிபதிகள் விசாரித்தார்கள். ஒருவர் ஜேன் றெஸ்ரனி. மூவரையும் மூன்று வெவ்வேறு ஜனாதிபதிகள் நியமித்திருந்தார்கள். அவர்களில் ஒருவரை நியமித்தவர் ட்றம்பே. 2025 மே 28ஆம் திகதி மூவரும் ஒரே குரலில் தீர்ப்புச் சொன்னார்கள்: அவசரகாலத்துக்கென 1977இல் செய்யப்பட்ட சட்டத்தை வைத்துக்கொண்டு ஜனாதிபதி இப்படி எல்லையில்லாமல் வரி விதிக்க முடியாது. ஓகஸ்ட்டில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அந்த வரிகள் சட்டத்துக்கு முரணானவை என்றது. 2026 பெப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் அந்தச் சட்டம் வரி விதிக்க இடம் தரவில்லை என்று தீர்ப்பளித்தது.

இதனால் எங்கள் பிள்ளைகளின் வேலைக்கு இனி ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. வேறு சட்டங்களின் கீழும் வரி போட வழிகள் இருக்கின்றன. ஆனால் "தட்டிக் கேட்க ஒருத்தரும் இல்லையோ?" என்ற கேள்விக்குப் பதில், "இருக்கினம் பிள்ளை" என்பதுதான்.

சகோதரிகளே, கிளைனின் வாழ்க்கையும் எங்கள் வாழ்க்கையும் ஒன்று என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். அவருக்குச் சட்டத்தரணியான ஒரு சகோதரன் இருந்தார். அவருடைய வீட்டு முற்றத்தில் குண்டு விழவில்லை. ஆனால் வயது பிந்திவிட்டது, அனுபவம் இல்லை, பெண்ணுக்கு ஏன் இது என்ற மூன்று சொற்களும் அவருக்கும் சொல்லப்பட்டவை. அவை எங்களுக்கும் சொல்லப்படுகின்றன. அதைவிடக் கவலை, அவற்றை நாங்களே எங்களுக்குச் சொல்லிக்கொள்கிறோம்.

நானும் சொல்லியிருக்கிறேன். 1996இல் இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தோம். எல்லோருக்கும் ஒரு கிணறு. தினமும் சண்டை. பிணக்குகளைத் தீர்க்க ஐந்து பேர் கொண்ட ஒரு குழு அமைத்தார்கள். என்னையும் இருக்கச் சொல்லிக் கேட்டார்கள். எனக்கு அப்போது முப்பது வயதும் ஆகவில்லை. "எனக்கு உதொண்டும் தெரியாது, ஆம்பிளையளே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டேன். ஐந்து ஆண்கள் இருந்தார்கள். கெட்டவர்கள் அல்லர். ஆனால் பெண்கள் குளிப்பதற்கு அவர்கள் ஒதுக்கிய நேரம் பொழுதுபட்ட பிறகு. வெளிச்சமில்லாத கிணற்றடிக்குக் குமர்ப்பிள்ளைகள் பயந்து பயந்து போனார்கள். வருத்தம் வந்தவர்கள் ஈரத்தலையோடு படுத்தார்கள். நான் அந்தக் குழுவில் இருந்திருந்தால் அந்த நேரத்துக்குச் சம்மதித்திருக்க மாட்டேன். முப்பது வருடமாக அது என் மனதில் இருக்கிறது.

மத்தியஸ்த சபைக்கு என்ன பிணக்குகள் வருகின்றன? வேலி எல்லை, வயலில் மாடு மேய்ந்தது, கொடுத்த கடன் திரும்பி வராதது, அயல் வீட்டுச் சண்டை. அதில் இருப்பதற்குச் சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. பயிற்சி தருகிறார்கள். இரு பக்கத்தையும் பொறுமையாகக் கேட்டு, யாருக்கு எவ்வளவு நட்டம் என்று நியாயமாக மதிக்கத் தெரிந்த ஆள்தான் தேவை. தவணை கட்ட முடியாமல் அழுத பெண்ணையும், கட்டியும் கட்டவில்லை என்று சொல்லப்பட்ட பெண்ணையும் பதினொரு வருடமாகப் பார்த்து, ஒருவருக்கும் அநியாயம் வராமல் கொப்பி எழுதியவரை விட அந்த வேலைக்குப் பொருத்தமானவர் யார்? ஊரில் எல்லோருக்கும் விலை மதிக்கத் தெரிந்த என் தங்கைக்குத் தன் விலை மட்டும் தெரியவில்லை.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்துக் கொண்டுபோய் அவருக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே கத்தரிக்காய் வெட்டினார். முடிந்ததும், "அந்த மனிசி படிச்சவ அக்கா" என்றார். "நாப்பத்து நாலு வயதிலதான் படிச்சு முடிச்சவ" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பயிற்சி எத்தினை நாளாம்?" என்று கேட்டார். மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

படிவம் இன்னும் கொடுக்கப்படவில்லை. கணக்குக் கொப்பிக்குள் மடித்து வைத்திருக்கிறார். கிளைனுக்காக அன்று சங்கங்கள் குரல் கொடுத்தது போல, எங்கள் சங்கம் அவருடைய பெயரைத் தீர்மானமாக எழுதிக் கையொப்பமிட்டுவிட்டது. மீதி ஒரு கையெழுத்து. அது அவருடையது.

உங்கள் ஊரிலும் இப்படி ஒரு கொப்பிக்குள் மடித்து வைத்த படிவம் இருக்கலாம். அது உங்களுடையதாகவும் இருக்கலாம். உங்கள் சங்கத்துப் பெண்களிடம் பேசுங்கள். நடந்ததை எனக்கும் எழுதுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.